மூன்று மூலை மண்

எங்கள் வீட்டில் என்னை ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சட்டம் படிக்கவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், பேச வேண்டிய அன்றைக்குப் பேசியது ஒரு ‘ஆமா’, ஒரு ‘ம்’. அந்த இரண்டுக்குமான விலையை வீடே சேர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம்.

அப்பா ஒரு பெரிய தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் கொள்முதல் அதிகாரி. கொள்முதல் என்றால் வாங்குவது. அப்பா அதை அடிப்பது என்று புரிந்துகொண்டிருந்தார். எந்த விலைப்பட்டியல் வந்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு வரியையாவது அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. அடிக்க ஒன்றும் இல்லாமல் பேனா மட்டும் சட்டைப் பையில் இருந்தது. மளிகைக் கடைக்காரர் எங்களுக்குச் சீட்டு எழுதித் தருவதையே நிறுத்திவிட்டார்.

அக்காவுக்குப் பதினோரு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு கட்ட வாங்கிய மனையில் பாதிக்கு மேல் அவள் சேமிப்பு. பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான். முன்பக்கம், தெருவைப் பார்த்த மாதிரி, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. அதில் சொந்தமாக லேப் வைப்பாள். மைக்ராஸ்கோப் மேஜை, ரத்தம் கொடுப்பவர் உட்கார நாற்காலி, கை கழுவும் தொட்டி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரைந்து, தொட்டியை மட்டும் எட்டுத் தடவை இடம் மாற்றியிருந்தாள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் மண் பரிசோதனைக்கு ஆள் விடச் சொன்னார் பில்டர். அப்பா அந்த வரியை அடித்தார்.

“மண்ணைப் பாக்க எதுக்கு ஆளு? நமக்குக் கண்ணு இல்லையா?”

நமக்கு என்றால் எங்கள் வீட்டில் எனக்கு என்று அர்த்தம். மனையின் மூன்று மூலைகளில் மார்பளவுக் குழி தோண்ட வேண்டும். நாலாவது மூலையில் மின்கம்பம் இருந்ததால் பிழைத்தேன். ஒவ்வொரு குழியின் அடியிலிருந்தும் ஒரு பை மண் எடுத்து, குழியை மூடி, அடையாளத்துக்குக் குச்சி நட வேண்டும்.

நான் ஒரு குழி தோண்டினேன்.

வாசல் பக்கத்து மூலையில். இரண்டரை மணி நேரம். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துவிட்டது. நிழல் என்னைக் கைவிட்டு அடுத்த மனைக்குப் போய்விட்டது. அப்போது பார்த்து நண்பன் போன் செய்தான். அந்த ஒரே குழியிலிருந்து மூன்று பையையும் நிரப்பினேன். மற்ற இரண்டு மூலைகளில் குச்சி மட்டும் நட்டேன். முப்பது அடிக்குள் மண் என்ன கட்சி மாறிவிடப் போகிறதா என்று நினைத்தேன்.

நான் கல்லூரியில் படிப்பது புள்ளியியல். மாதிரி எடுப்பது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் உண்டு. அதில் எனக்கு நல்ல மதிப்பெண்.

*

பில்டரின் அலுவலகம் ஒரு பெயிண்ட் கடைக்கு மாடியில் இருந்தது. ஓடு மாதிரிகள்தான் காகிதம் பறக்காமல் இருக்க வைத்த கனம். மூலையில் பிரிக்காத கமோடு ஒன்று, அதன் மேல் ஃபைல்கள். பில்டர் ஒல்லியான மனிதர். ஒரு வாக்கியம் பேசினால் அது இறுகும்வரை காத்திருந்துதான் அடுத்ததை ஊற்றுவார்.

அப்பா பட்டியலை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். அந்தச் சத்தம் கேட்டே எத்தனையோ வியாபாரிகள் பத்து சதவீதம் குறைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கிவரும் தகவல்.

“இது என்ன தம்பி? ‘மனை வேலைகள், ஒரே தொகை, மாறாது.’ மொத்தத்துல எட்டுல ஒரு பங்கு இருக்கே.”

“சுத்தம் பண்றது, சமப்படுத்துறது, அஸ்திவாரத்துக்குத் தோண்டுறது, நிரப்புறது எல்லாம் அதுல அடக்கம் சார்.” காத்திருந்தார். “அடியில பாறை வந்தாலும் என் பாடு. தண்ணி வந்தாலும் என் பாடு. உங்ககிட்ட ஒரு காசு கூடக் கேக்க மாட்டேன்.”

“பாறையும் வரல, தண்ணியும் வரலன்னா?”

“எனக்கு லாபம்.”

“வராததுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?”

“வந்தா எனக்கு நஷ்டம் சார். லாபமோ நஷ்டமோ, ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்னு சொல்றேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

“நான் நல்லாத்தான் தூங்குறேன்,” என்றார் அப்பா.

அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். “இருந்துட்டுப் போகட்டும்பா. சொன்ன தொகைன்னா சொன்ன தொகை. நமக்குத் திட்டம் போட வசதி.”

“நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான் பேசுறேன். சுத்துற மெஷின் ஒண்ணு கேட்டியே, என்னது அது, ரத்தத்தைப் பிரிக்கிறது. இந்த வரி போனா அதுவே வாங்கிடலாம். பழசு இல்ல, புதுசு.”

அக்கா கையைப் பிசைவதை நிறுத்தினாள். அந்த மெஷினின் விலையை அவள் எத்தனை தடவை கேட்டு வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பில்டர் கொஞ்சம் யோசித்தார். “பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கிறேன் சார். ஆனா ‘மாறாது’ங்கிறது இருக்கட்டும்.”

இது நல்ல பேரம். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் ஒத்துக்கொள் என்றிருப்பார்கள். ஆனால் அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்த பையைத் திறந்து, மூன்று பிளாஸ்டிக் பைகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் எண். ஒன்று, இரண்டு, மூன்று.

“மூணு மூலை. மார்பளவு ஆழம். பாருங்க.”

பில்டர் ஒவ்வொரு பையிலும் கைவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். சிவந்த, இறுக்கமான மண். “நல்ல மண்ணுதான்,” என்றார். “மூணும் ஒரே மாதிரி இருக்கு.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

பில்டர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்கதான் எடுத்தீங்களா தம்பி? மூணும் மூணு மூலையில?”

“ஆமா.”

அது என் வாயிலிருந்து வந்தபோது ரொம்பச் சின்னதாகத்தான் இருந்தது.

“சரி சார்,” என்றார் பில்டர். “அப்போ இந்த வரியை எடுத்துடலாம். அடியில என்ன வருதோ அதுக்கு ஆகிற செலவு உங்களோடது. நான் உங்களுக்கு நல்லதில்லைன்னு சொல்லிட்டேன். அதையும் ஒரு ஓரமா எழுதிக்கிறேன்.”

“தாராளமா.”

அப்பா கோடு போட்டார். ஒரே இழுப்பு. மூன்று வருஷமாக அவர் முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்தேன். இப்போதே வாயைத் திறந்தால் அது இறங்கிப் போய்விடும் என்று தோன்றியது. நல்லெண்ணத்தில் சும்மா இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

அடித்த இடத்தில் மனைக்குப் பணம் போட்டவர்கள் எல்லோரும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பேனாவை வாங்கினாள். போடுவதற்கு முன் தலையை நிமிர்த்தினாள்.

“மூணு மூலையும்தானேடா?”

“ம்.”

போட்டாள்.

படி இறங்கும்போது அப்பா அம்மாவுக்கு போன் செய்தார். ஒரே வார்த்தைதான் சொன்னார். “ஜெயிச்சாச்சு.”

*

பொக்லைன் பக்கத்துத் தெருவில் வேறு வேலையில் இருந்ததால் அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டது. பில்டர் தன் பங்குக்கு ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடித்தார். அப்பா அவரை மெச்சினார்.

வண்டி முன்னால் ஆரம்பிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். ஒன்றாம் குச்சி முன்னால்தான் இருக்கிறது. ஆனால் வண்டி தடதடவென்று புல்லை மிதித்துக்கொண்டு நேராகப் பின்னால் போனது.

“ஏன் அங்க போறாரு?” என்றேன்.

“பின்னாடி இருந்து தோண்டிக்கிட்டே வாசலுக்கு வந்தாத்தானே தம்பி வண்டி வெளிய வரும்,” என்றார் பில்டர். “முன்னாடி தோண்டிட்டா வண்டியை வீட்டுக்குள்ளயே வச்சுக் கட்ட வேண்டியதுதான்.”

அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் தூங்காமல் வந்திருந்தாள். முன் அறை வரப்போகும் இடத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்குள், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். தொட்டிக்கு ஒன்பதாவது தடவையாக இடம் மாற்றிப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

முதல் வாரலிலேயே மூன்றாம் குச்சி பறந்தது. புல் பத்தையாகப் பெயர்ந்து புரண்டு விழுந்தது. பில்டர் குனிந்து அந்தப் பத்தையைத் திருப்பிப் பார்த்தார். வேர் எல்லாம் பாய் பின்னினது போல் முழுசாக இருந்தது. பத்து நாளைக்கு முன் தோண்டி மூடிய இடத்தில் வேர் அப்படி இருக்காது. இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா.

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பத்தையைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

நாலாவது வாரலில் மண்ணின் நிறம் மாறியது. ஆறாவதில் அது மண்ணே இல்லை. கறுப்பாக, ஈரமாக, நாற்றத்தோடு. உடைந்த ஓடு, பாட்டில், மெத்தைப் பஞ்சு, ஜோடி இல்லாத செருப்பு. யாரோ எப்போதோ பள்ளமாகக் கிடந்ததைக் குப்பை போட்டு நிரப்பி, மேலே ஒரு முழம் நல்ல மண்ணைப் போர்த்தி விற்றிருக்கிறார்கள். வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு பில்டரைப் பார்த்தார்.

பில்டர் தன் உயரத்துக்கு ஒரு கம்பியை எடுத்து வந்து குழிக்குள் ஊன்றி அழுத்தினார். சும்மா ஒரு கையால்தான் அழுத்தினார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் கை தரையைத் தொட்டது.



“வீடு வர்ற இடத்துல இது எவ்வளவு தூரத்துக்கு இருக்கும்?” என்றார் அப்பா.

“பின்பாதி முழுக்க இருக்கும் போல சார். எல்லாத்தையும் அள்ளி வெளிய கொட்டி, கல்லு போட்டு நிரப்பி மேல வரணும். காலையில அடிச்சீங்களே அந்தத் தொகை, அதைப் போல மூணு மடங்கு ஆகும்.”

அப்பா பேனாவைப் பையிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு, என் காதால் நான் என்றைக்கும் கேட்காத ஒரு குரலில் கேட்டார்.

“தம்பி, நீங்க முதல்ல சொன்ன தொகையையே வச்சுக்கலாமா? குறைக்க வேண்டாம். முழுசா.”

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வியாபாரியிடம் விலையை ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பில்டருக்கும் கஷ்டமாக இருந்தது. கம்பியை உருவி, சேற்றைப் புல்லில் துடைத்தார். “பாக்குறதுக்கு முன்னாடி அது விலை சார். பாத்த பிறகு வெறும் செலவுதான். காலையில கேட்டிருந்தீங்கன்னா நான் இப்போ என் தலையில கையை வச்சுக்கிட்டு நின்னிருப்பேன். நின்னுதான் ஆகணும், சொன்ன சொல்லு. இப்போ எப்படி சார்?”

“சரிதான்,” என்றார் அப்பா. “நியாயம்தான்.”

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

பில்டர் வரைபடத்தை அக்காவின் ஸ்கூட்டர் சீட்டில் விரித்தார். “ஒரு வழி இருக்கு. வீட்டை அப்படியே முன்னால இழுத்துட்டா பள்ளத்துல பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். செலவு கையைக் கடிக்காது. ஆனா முன்னால இடம் பத்தாது. ஒரு அறை போகும்.”

எந்த அறை என்று அவர் சொல்லவில்லை. வரைபடத்தில் முன்னால் இருந்தது ஒரே அறை.

அப்பா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. நின்றபடியே இருந்தது. அடிப்பதற்கு வரி கிடைத்தும் அப்பா அடிக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஸ்கேல் இல்லாமலே நேராக ஒரு கோடு போட்டாள். மூடியை மாட்டி அவர் பையிலேயே சொருகினாள்.

“வெயில்ல நிக்காதீங்கப்பா. வாங்க.”

சுண்ணாம்புக் கோட்டுக்குள் கிடந்த செருப்பை எடுத்துவர என்னை அனுப்பினாள்.

*

வீட்டில் அம்மா டீ போட்டு வைத்திருந்தாள். எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள்.

“ஜெயிச்சாச்சுன்னு போன் பண்ணீங்களே.”

“ஆமா,” என்றார் அப்பா. “நான்தான் ஜெயிச்சேன்.”

டீயைக் குடிக்காமல் ஹாலில் உட்கார்ந்து வரைபடத்தின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கினார். அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“வக்கீலு, இதைப் பாரு. நீ எடுத்த மண்ணு மூணும் நல்ல மண்ணு. அதுல சந்தேகமே இல்ல. அப்போ என்ன நடந்திருக்கும்னா, அந்தத் தெருப் பசங்க மூணாம் குச்சியைப் பிடுங்கி வேற எங்கயோ நட்டிருக்காங்க. போகட்டும். ஆனா பின்னாடி இன்னொரு மூலை, அந்த ரெண்டாம் குச்சிப் பக்கம் மண்ணு கெட்டிதானே? வீட்டை முன்னால இழுக்காம அந்தப் பக்கமாத் திருப்பிட்டா, அக்கா அறை தப்பிச்சுடும். காலையில நானே போய் அந்தக் குழியைத் திரும்பத் தோண்டிப் பாத்துட்டு, பில்டரைக் கூப்பிடுறேன்.”

உலகத்தில் உள்ள எல்லாப் பசங்களையும் சந்தேகப்பட அவர் தயாராக இருந்தார், ஒருவனைத் தவிர.

“சரிப்பா,” என்றேன்.

சமையலறையில் அக்கா தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். காலையில் கொண்டுபோன மூன்று பைகளும் திறந்திருந்தன. டீ வடிகட்டியில் மண்ணைப் போட்டுக் குழாயில் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் மூன்று சின்னப் பீங்கான் துண்டுகள். எப்போதோ உடைந்த சாசரின் ஓரம். நீலப் பூ.

“இது ஒண்ணாம் பை,” என்று ஒரு துண்டை வைத்தாள். “இது ரெண்டு.” பக்கத்தில் வைத்தாள். “இது மூணு.”

விரலால் நகர்த்தினாள். மூன்றும் பொருந்தி ஒரு பூவாயின. ஓர் இதழ் மட்டும் குறைந்தது.

“எங்க லேப்ல ஒரே ஆளோட ரத்தத்தை மூணு பேர்ல அனுப்பினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க,” என்றாள். “வீட்டுல அந்த வசதி இல்ல.”

“அக்கா...”

“எத்தனை குழி?”

“ஒண்ணு.”

அவள் தலையாட்டினாள். ரிப்போர்ட்டைப் பார்த்து அவள் தலையாட்டுவது இப்படித்தான் இருக்கும் போல. கோபம் இல்லை. முடிவு தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

“காலையில கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டேன்.”

“தெரியும்.”

“நீ இல்லன்னு சொல்லியிருந்தா, அப்பா உன்னை ஒரு வாரம் திட்டியிருப்பாரு. அவ்வளவுதானேடா.”

ஊருக்கே வாதாடுகிற வக்கீலுக்கு அந்த ஒரு வழக்கில் ஒரு வார்த்தை இல்லை.

“அப்பாகிட்ட சொல்லப் போறியா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு? மாதிரி எடுத்தவன் நீ.” குழாயை மூடினாள். “ஹால்ல அப்பா சொன்னது கேட்டுச்சு. இன்னும் வெளிச்சம் இருக்கு. இப்போ ஓடினா ரெண்டாம் குச்சி கிட்ட ஒரு குழி தோண்டி மூடிடலாம். மண்வெட்டி மாடிப்படிக்கு அடியில இருக்கு. வாய் உன் மூஞ்சிலயே இருக்கு. எதை எடுக்கப் போறேன்னு நீயே பாத்துக்கோ.”

துண்டுகளைக் கழுவித் துடைத்து, லேப்புக்கு வரைந்த நோட்டின் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

நான் மாடிப்படிக்குப் போனேன். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன், முதலில் அங்கேதான் போனேன். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. குனிந்து அதன் பிடியைத் தொட்டபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“நீயும் இதுக்குத்தான் வந்தியா?” அப்பா என்னைத் தாண்டிக் கையை நீட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். “நீ விடு. உன் கை என்ன ஆச்சு? காட்டு.”

காட்டினேன். கொப்புளம் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

“மூணு குழி. ஒத்த ஆளா. உன்கிட்ட ‘நல்லாச் செஞ்சடா’ன்னு கூட நான் சொல்லல,” என்றார். “நாளைக்கு நான் தோண்டிக்கிறேன். நீ படு.”

“அப்பா,” என்றேன்.

“ம், சொல்லு.”

மண்வெட்டி அவர் கையில் இருந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது இன்னொன்றுதான்.